சுமதி சொன்ன வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் ஒரு போலீஸ் படம் பார்த்தேன். ரோந்து ஜீப்பில் சுற்றும் ஒரு ஏட்டையா, அவரோடு ஜோடியாக ஒரு பெண் கான்ஸ்டபிள். இரண்டு பேருடைய அன்றாட வேலைதான் கதை.

இடைவேளைக்கு முன்னால் அந்தப் பெண் ஏட்டையாவிடம் சொல்கிறாள்: “டூட்டின்னா நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம் சார்.” தியேட்டரே கை தட்டியது. பக்கத்து சீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தெரியுமா? அந்த வசனம் பிறந்தது என் வீட்டு வாசலில்.

போன வருடம் பாப்பாரப்பட்டியில், எங்கள் தெருவில்தான் இந்தப் படத்தின் ஷூட்டிங். கூட்டத்தைத் தடுக்க நிஜ ரோந்து ஜோடி ஒன்று வந்திருந்தது — ஏட்டு கோவிந்தன், கான்ஸ்டபிள் சுமதி. காலை ஆறு மணியிலிருந்து நின்றபடியே இருந்தார்கள். பத்தடி தள்ளி, ஏசி ஓடிக்கொண்டிருக்கும் கேரவன்கள்.

பதினோரு மணி இருக்கும். சுமதி தயங்கித் தயங்கி படக் கம்பெனி மேனேஜரிடம் போய், கேரவனில் பாத்ரூம் போய்க்கொள்ளலாமா என்று கேட்டார். ஆர்ட்டிஸ்ட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார் அவர். பிறகு கோவிந்தன் போனார். இருபது வருட சர்வீஸ்... தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுமதிக்காகக் கேட்டார். அதே பதில்.

கேரவனுக்குள் இருந்தது யார்? காக்கி போட்ட நடிகை.

நான் சுமதியை எங்கள் வீட்டுக்குள் அழைத்துப் போனேன். வெளியே வந்தவர் வாசலில் நின்று சங்கடத்தோடு சொன்னார்: “டூட்டின்னா நாங்க தண்ணியே குடிக்க மாட்டோங்கக்கா. யூரின் இன்ஃபெக்‌ஷன், நெறய குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அதான் இன்னிக்குக் குடிச்சேன்.”

நேரே மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டேன். சுமதி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். “விடுங்கக்கா. மேல போன் போட்ருவாங்க. எங்களுக்குத்தான் மெமோ வரும்.”

அப்போது உதவி இயக்குநர் ஒருவர் வந்தார். எங்கள் வாசலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டவர். மன்னிப்புக் கேட்பார் என்றுதானே நினைப்போம்? அந்தத் தண்ணீர் விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சுமதி சொன்னார். உதவி இயக்குநர் அதைச் செல்போனில் டைப் செய்துகொண்டு போனார். கேரவன் கதவு திறக்கவில்லை.

ஒருவர் படும் அவஸ்தையை எடுத்துக்கொள்ளத் தெரிகிறது. அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிடத் தெரியவில்லை. இதுதான் யதார்த்த சினிமாவா? கை தட்டுகிற நாம் மட்டும் என்ன ஒழுங்கு? நம் ஊர்த் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து வரும் பெண் போலீஸ் எங்கே போவார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா?

படம் முடிந்ததும் சுமதிக்குப் போன் செய்தேன். தீர்த்தமலையில் டூட்டியில் இருந்தார். அவர் சொன்னது அப்படியே படத்தில் வருகிறது என்றேன். பெயர் போட்டார்களா என்றுகூடக் கேட்கவில்லை.

“அந்தப் புள்ள நல்லா சொல்லுச்சுங்களாக்கா?”

நன்றாகத்தான் சொன்னாள். அவளுக்கென்ன... கேரவன் இருந்தது.