ரோட்டுப் பக்கத்து அண்ணனைக் கொடுக்கலாமா

நான் கேப்டன் ஆனதற்கும் என் ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வளைகுடாவில், சத்வா என்ற பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டுக்கு எட்டு அணிகள் சேர்ந்தபோது, யார் யாரோடு எப்போது மோதுவது என்ற அட்டவணையை அடித்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அது என்னிடம் இருந்தது. அட்டவணை யார் கையில் இருக்கிறதோ அவன்தானே கேப்டன்! இதை எவனும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அணிக்கு ஆகஸ்ட் மாத வெயிலில் கடைசி ஆட்டம் விழுந்திருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் கட்டடத்தின் இரண்டு ரூம்களும் கீழே இருந்த தையல் கடையும் சேர்ந்தால் ஒரு அணி. கட்டடத்துக்குப் பின்னால் காலி மணல் திடல். டென்னிஸ் பந்தில் கறுப்பு எலெக்ட்ரிகல் டேப் சுற்றி ஆடுவோம். அணிக்குப் பத்து ஓவர். விடிந்ததும் ஆரம்பித்து ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஒரே முனையிலிருந்துதான் பந்து வீச்சு, மறுமுனையிலிருந்து வீசினால் வெயில் பேட்ஸ்மேன் கண்ணைக் குத்தும். ஒரு பக்கம் வில்லா மதில். அதற்குள் அடித்தால் அவுட். இன்னொரு பக்கம் ரோடு. அந்த ரோட்டுப் பக்கத்து பவுண்டரியில் ஆறு வருடமாக ஒரே மனிதர்தான் நின்றார்.

கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், ஏசி டெக்னீஷியன், வயது நாற்பத்தேழு. மீனவக் குடும்பம், ஆனால் கடல் அவருக்கு ஆகாது. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் தேராவுக்கு அப்ரா படகில் ஏறினால்கூட, அந்த ஐந்து நிமிட ஓடையைக் கடந்து முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் எங்கள் ரூம்தான். என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில் அவருடையது. மற்ற எல்லோருக்கும் முப்பதுக்குள் வயது என்பதால் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அண்ணன் என்று அழைத்துவிட்டால் மரியாதை செய்ய வேண்டுமே, செய்தோம். திடலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, அது அவருக்கு. முதல் டீ அவருக்கு. பேட்டிங்கில் பதினோராவது இடம், அதுவும் அவருக்குத்தான். வயசான மனுஷனை வெயிலில் ரன் ஓட விடுவதாவது?

பீல்டிங்கில் அவரைக் குறை சொல்ல முடியாது. உயரப் போகும் பந்து வெயிலுக்குள் மறைந்து மற்றவர்கள் தலையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, அவர் நாலு எட்டு நகர்ந்து கையை வைப்பார், பந்து வந்து உட்காரும். ஆனால் தரையில் வரும் பந்துக்கு அவர் குனிவதற்குள் அது ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க லாண்டரி வாசலுக்குப் போய்விடும். எறிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் எறிந்த பந்து விக்கெட் கீப்பரிடம் வந்து சேர்வதற்குள் எதிரணி இரண்டு ரன் ஓடி, மூன்றாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தேரா அணியின் கேப்டன் என்னை டீக்குக் கூப்பிட்டான். மசாலா சூக் என்ற சந்தையில் அவன் குடும்பத்துக்குக் கடை. கீழக்கரைக்காரன், என் வயதுதான். பால் விடாத சுலைமானி டீயைக் கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், ஒங்க ரோட்டுப் பக்கத்து அண்ணன எங்களுக்குத் தாங்க. எங்க புதுப் பையன நீங்க எடுத்துக்கங்க."

அந்தப் புதுப் பையனை நான் பார்த்திருந்தேன். இருபத்தொரு வயது. ஓடினால் மணல் பறக்கும். பவுண்டரியிலிருந்து எறிந்தால் பந்து ஸ்டம்பை நேராக வந்து தட்டும். மூன்று வாரத்தில் நான்கு ரன் அவுட் செய்திருந்தான், அதில் ஒன்று நான்.

"அவன எதுக்குக் கொடுக்குறீங்க? முட்டி ஏதும் கோளாறா?" என்றேன்.

"கோளாறெல்லாம் மாஃபி, ஒண்ணுமே இல்ல. அவனுக்கு சத்வா கடையில டூட்டி போட்டுட்டாங்க. காலையில இங்க எங்க தேரா திடலுக்கு வந்து சேர முடியல. ஆள மாத்திக்கிடலாம்ல? அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

எங்கள் விதிப்படி, இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். மாறுகிறவனைக் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஏனென்றால் விதிகளையும் நான்தான் அடித்தேன்.

அன்று திரும்பும்போது அப்ராவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையன் வந்தால் ஆட்டத்துக்குப் பத்து ரன்னாவது மிச்சம். பத்து ரன் என்றால் அரையிறுதி. ஆறு வருடமாக நாங்கள் அரையிறுதியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், அண்ணனை எப்படி அனுப்புவது? அந்த மனிதருக்கு வாரத்தில் இருப்பதே ஒரு வெள்ளிக்கிழமை காலை. மற்ற ஆறு நாளும் எவன் வீட்டுக் கூரையிலோ கம்ப்ரசரைப் பிரித்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு காலையை எடுத்து நாம் தேராவுக்குத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆவார்? என் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு நேராக மேலே வரும்.

ரூமில் மற்றவர்களிடம் ரகசியமாகக் கேட்டேன். ரகசியம் என்றால், அண்ணன் குளிக்கப் போன பத்து நிமிடத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறவரை. ஒருவன் உடனே கொடு என்றான். ஒருவன் கொடுத்தால் பாவம் பிடிக்கும் என்றான். தையல்காரன் மட்டும் வேறு கவலையில் இருந்தான். "அண்ணன் போயிட்டா வெள்ளிக்கிழம மீன் கொழம்பு யாரு வைப்பா?" கிரிக்கெட்டில் போனால் சமையலிலும் போய்விடுவாரா என்று நான் அதட்டினேனே தவிர, எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் ஒரு கேட்ச் பிடித்தார். ரோட்டை ஒட்டி, பின்னால் போய்க்கொண்டே, வெயிலுக்குள்ளிருந்து எடுத்தார். எதிரணிக்காரனே கைதட்டினான். அடுத்த ஓவரில் சும்மா உருண்டு வந்த பந்தைக் காலுக்கு நடுவில் விட்டார். ஆட்டத்தைத் தோற்றோம். ஒரு மனிதன் இப்படி ஒரே காலையில் இரண்டு பக்கமும் இழுத்தால் நான் எப்படி முடிவெடுப்பது? அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நல்லா ஆடித் தொலை, இல்லை ஒரேயடியாய் மோசமாக ஆடித் தொலை!

கடைசியில் மனசாட்சி ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஜெயித்தது என் கோழைத்தனம். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய மனிதரிடம் 'நீங்கள் வேண்டாம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மதியம் ஆபீஸிலிருந்தே தேராவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணன விட்டுத் தர முடியாது. ஆறு வருஷம் எங்களோட நின்னவரு. பையன் எவ்வளவு நல்லா ஆடினாலும் சரி. கல்லாஸ், பேச்சு முடிஞ்சுது."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா மச்சான்?" என்றான். யோசித்துத்தான் சொல்கிறேன் என்று கம்பீரமாகப் போனை வைத்தேன். அப்படி ஒரு பெருமிதம் எனக்கு என் திருமணத்தன்றுகூட வந்ததில்லை.

இவ்வளவு பெரிய தியாகத்தைச் செய்துவிட்டு, செய்தேன் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சாயங்காலம் ரூமுக்கு வந்தபோது அண்ணன் கிச்சனில் மீன் அரிந்துகொண்டிருந்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அரிவாள்மணைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"அண்ணே, ஒரு விஷயம். தேரா டீம்ல உங்களக் கேட்டாங்க. பதிலுக்கு அந்தப் புதுப் பையனத் தர்றதா சொன்னாங்க."

"ம்."

"முடியாதுன்னு சொல்லிட்டேண்ணே. எங்க அண்ணன யாருக்கும் தர மாட்டோம்னுட்டேன்."

மீன் பாதியில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கப் போகிறார், நாமும் கலங்கிவிடக் கூடாது என்று நான் தயாரானேன்.

"எதுக்குடே அப்பிடிச் சொன்ன?" என்றார்.

"என்னண்ணே?"

"அவனுவள கேக்கச் சொன்னதே நாந்தாம்டே."

எனக்குப் புரியவில்லை. புரியாதது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மீனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"போன மாசம் தேரா கேப்டனுக்க கடையில ஏசி பாக்கப் போனேன். அந்தப் புதுப் பய சத்வாக்கு மாறுதான்னு சொன்னான். அப்பம் என்னைய எடுத்துக்கன்னு நாந்தான் கேட்டேன். மூணாவதா எறக்குதேன்னு சொன்னான்."

"எதுல மூணாவது?"

"பேட்டிங்குலடே. வேற எதுல?" அவர் குரல் லேசாக உயர்ந்தது. "ஆறு வருசம் ஒனக்க டீம்ல ஆடியாச்சு. நான் எத்தன பந்து அடிச்சிருக்கேன், சொல்லு பாப்போம்?"

நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"பதினோரு பந்து. அதுல ரெண்டு ஒயிடு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே!"

"கேட்டேன்டே. ரெண்டு வாட்டி கேட்டேன். 'நீங்க எதுக்குண்ணே வெயில்ல ஓடி கஷ்டப்படணும், ஒக்காருங்க'ன்னு சேரப் போட்டுத் தந்த. அதுக்கு மேல என்னத்தக் கேக்க? ஒரே ரூம்ல கெடந்துக்கிட்டு, ஒனக்க டீம் வேண்டாம்னு ஒனக்க மூஞ்சியப் பாத்து நான் எப்பிடிச் சொல்லுவேன்? அதான் அவன விட்டுச் சொல்லச் சொன்னேன். நீ என்னடான்னா..." அரிவாள்மணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீனை எடுத்துக்கொண்டார்.

முதலில் எனக்கு வந்தது கோபம். ஆறு வருடம் முதல் டீயைக் குடித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் தேராக்காரனோடு பேச்சு நடத்தியிருக்கிறார்! கொஞ்ச நேரம் கட்டிலில் ஏறிப் படுத்து, கூரையைப் பார்த்து அவரைத் திட்டினேன். பிறகு அவர் கேட்ட அந்த இரண்டு தடவையும் ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் அவர் கையில் பேட் இருந்தது. நான்தான் அதை வாங்கி, அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டேன். எவ்வளவு பண்பானவன் நான் என்று அப்போது நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இறங்கிப் போய் போனை எடுத்து, ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று தேராவுக்குச் சொன்னேன்.

"நல்லவேள போட்டீங்க மச்சான்," என்றான் தேரா கேப்டன். "அண்ணன்ட்ட இத எப்புடிச் சொல்றதுன்னு மத்தியானத்துலேந்து கையப் பெசஞ்சிக்கிட்டு இருக்கேன்."

அட்டவணைப்படி மூன்றாவது வாரம் தேரா எங்களோடு மோதியது. முந்தின இரண்டு வாரமும் அவர்களுக்கு ஆட்டம் இல்லை. அட்டவணை அடித்த புண்ணியவான் நான்தான் அப்படி அடித்திருந்தேன். அன்று காலை நானும் அண்ணனும் ஒரே ரூமிலிருந்து, ஒரே படியில் இறங்கி, திடலுக்கு வந்ததும் எதிரெதிர்ப் பக்கம் போனோம். பந்து வீச ஆள் குறைவாக இருந்ததால் இரண்டாவது ஓவரை நான் போட வேண்டியதாயிற்று. அதில் ஒருவன் அவுட் ஆனான். அண்ணன் உள்ளே வந்தார். ஏசி கம்பெனித் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். நிற்கும் இடத்தைக் காலால் கீறிக் குறித்துக்கொண்டு, ரொம்ப நேரம் சுற்றிலும் பீல்டர்களை எண்ணினார்.

மெதுவாகப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறுபடி மரியாதையா என்று என்னையே திட்டிக்கொண்டு வேகமாகவே போட்டேன். முதல் பந்து அவரைத் தாண்டிப் போனது. இரண்டாவது பந்தை முன்னால் வந்து ஓங்கி அடித்தார். பேட்டின் நடுவில் பட்ட சத்தம் வில்லா மதில்வரை கேட்டது. பந்து ரோட்டுப் பக்கம் பறந்தது. எங்கள் புதுப் பையன் ஓடி, விழுந்து, அதைத் தடுத்து, எழுந்து எறிவதற்குள் அண்ணன் ஒரு ரன் எடுத்து, இரண்டாவதுக்குப் பாதித் தூரம் வந்து, பயந்து திரும்பிவிட்டார். நான் மறுபடி அவருக்குப் பந்து போட்டபோது ஸ்டம்ப் சாய்ந்தது. மொத்தம் ஒரு ரன். பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

நாங்கள் ஜெயித்தோம். பையன் இரண்டு ரன் அவுட் செய்தான். இனி அரையிறுதி உறுதி என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

மதியம் ரூமில் அண்ணன் மீன் குழம்பு வைத்தார். அடுப்பில் அது கொதிக்கும்போது, கரண்டியோடு நடு ரூமுக்கு வந்து நின்று, அந்த இரண்டாவது பந்து எங்கே குத்தியது, எப்போது தான் காலை முன்னால் எடுத்து வைத்தது, சத்தம் எப்படிக் கேட்டது என்று ஆரம்பித்தார். தையல்காரனுக்கு ஒரு தடவை சொன்னார். குளித்துவிட்டு வந்தவனை நிறுத்தி வைத்து இன்னொரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பந்தைப் போட்ட என்னிடமே வந்து, நான் பார்க்கவே இல்லை என்பதுபோல முதலிலிருந்து சொன்னார். குழம்பு அடிப்பிடித்தது. ஆறு வருடத்தில் அந்த மனிதர் ரூமில் கிரிக்கெட் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.