இன்னொரு ராடு

வெப்சைட் வேலையில் பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள், லாரி பாடி கட்டுகிறவர்கள், கோழிப் பண்ணைக்காரர்கள் என்று சேலத்தில் உட்கார்ந்தபடியே எத்தனையோ பேருக்குப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். எதற்கும் வருத்தப்பட்டதில்லை. கஸ்டமர் கேட்டார், செய்தேன், அவ்வளவுதான். யாரும் கேட்காமல் நானே ஆசைப்பட்டுச் செய்தது ஒரே ஒரு பக்கம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. ஏழு நிமிடப் படம்

கௌரி எங்கள் ஆபீஸில் டெஸ்டர். புதுச்சத்திரம் பக்கத்தில் தோட்டத்துக்காரர் மகள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் நான் முடித்துவிட்டேன் என்று சொல்லும் எதிலும் பத்துத் தப்பு கண்டுபிடிப்பாள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, “அக்கா, நான் ஒரு குறும்படம் எடுத்திருக்கறனுங்க, பாக்கறீங்களா?” என்று போனை நீட்டினாள்.

ஏழு நிமிடம். தண்ணீருக்குப் போர் போடும் கதை. ஆனால் ரிக் வண்டியைக் காட்டவே இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு விவசாயியின் முகம் மட்டும்தான். நடித்தது அவள் மாமா. கம்ப்ரஸர் சத்தம் கேட்கும், பாறைப் புழுதி வந்து அந்த முகத்தில் படியும். இருபது அடி இரும்பு ராடு ஒன்று இறங்கி முடிந்ததும் வண்டிக்காரர் குரல், “நிறுத்திக்கலாமுங்களா?” என்று கேட்கும். அவர், “இன்னொரு ராடு போடுங்க” என்பார். இப்படியே போய்க் கடைசியில் வண்டிக்காரரே சொல்லிவிடுவார்: “போதுமுங்க. இதுக்குக் கீழ ஒண்ணுமில்லீங்க.” அந்த முகத்தின் இறுக்கம் மெல்லத் தளரும். படம் முடிந்தது.

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். “கௌரி, இதை நான் வெப்ல பண்ணட்டுமா?” என்று கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

2. நீக்கிய வரி

நான் பொதுவாகவே பக்கத்தில் தேவையில்லாததை அழிக்கிற ஆள். கஸ்டமர்கள் ஓடும் எழுத்து, சுற்றும் லோகோ என்று என்னென்னவோ கேட்பார்கள், மனசுக்குள் திட்டிக்கொண்டே போடுவேன். இங்கே என்னைத் தடுக்க ஆள் இல்லை. கறுப்புத் திரை. மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. அதில் விரலை அழுத்திப் பிடித்தால் கோடு கீழே இறங்கும். ஓரத்தில் எத்தனை அடி என்று சின்ன எண். இருபது அடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு நொடி நிற்கும், அடுத்த ராடு. விரலை எடுத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி பூஜ்யம். வேறு ஒன்றும் இல்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் ரிக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். “ஏனுங்க மேடம், வெறுங்கோடாட்ட இருக்குது? லோடே ஆகலைன்னு நெனச்சுக்குவாங்க. காண்டாக்ட் நம்பராவது போடுங்க” என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கனம் இன்னும் ஏறியது.

கௌரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அக்கா, ஆயிரம் அடி வந்ததும் அந்தக் கடைசி வசனம் மட்டும் வரட்டுமுங்க. போதுமுங்கன்னு அவரு சொல்றது.”

“அது வந்துட்டா முடிஞ்சு போச்சு கௌரி. முடியாம போய்க்கிட்டே இருக்கணும். அதுதான் இதுல அழகு.”

“இல்லீங்க்கா, பாக்கறவங்களுக்கு ஒரு இடத்துல…”

“எல்லாத்தையும் ஊட்டி விடக்கூடாது.”

மறுநாளும் கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள், “நீங்க சீனியருங்க, உங்களுக்குத் தெரியும்” என்று விட்டுவிட்டாள். அந்தக் குரலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3. கிடா விருந்து

பக்கத்தை வெளியிட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை கௌரி வீட்டில் கிடா விருந்து. போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது அவள் அப்பா வேப்பமரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன், அதில் என் பக்கம். ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்திருந்தார்.

“வாங்க அம்மிணி, நெம்ப நல்லா பண்ணியிருக்கறீங்க. ராடு மாத்தற சத்தங்கூட அப்படியே கேக்குது” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எண்ணூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. எண்ணூறு அடிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்பது கோட் எழுதிய எனக்குத் தெரியும். ஆபீஸில் ஒருவர்கூட இருநூறைத் தாண்டவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு மனுஷர் என் கோட்டின் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று.

எண்ணூற்று அறுபதில் விரல் மரத்துப்போய் அவர் அதை ஒரு கணம் தூக்கினார். பூஜ்யம். அவர் முகம் சட்டென்று செத்துவிட்டது. பிறகு மறுபடி விரலை வைத்தார்.

“ஏனுங்க அம்மிணி, தண்ணிய எத்தனாவது அடில வெச்சிருக்கறீங்க?”

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீரே வைக்கவில்லை, எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கோடு மட்டும்தான் போகும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னால் பக்கத்தின் மாயம் போய்விடும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, “போட்டுப் பாருங்கப்பா” என்றேன்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அவர் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.

4. போன்

பத்து நாள் கழித்து கௌரி என் டேபிளுக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“எங்கப்பா பழைய போரையே இன்னும் ஆழமா எறக்க, ரீபோர் போட வண்டிக்குச் சொல்லிட்டாருங்க்கா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் மூன்று போரும் பொய்த்தவை. மூன்றாவதில் தொள்ளாயிரத்து நாற்பது அடியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னது அப்பாதான். அன்றிலிருந்து, இன்னொரு ராடு போட்டிருந்தால் வந்திருக்கும், நான்தான் கெடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

“அங்க ஒண்ணுமில்லீங்கன்னு அவருகிட்ட யாருமே சொல்லலீங்க்கா. அதத்தான் படத்துல சொல்ல வெச்சேன். பாத்துட்டு ரெண்டு மாசம் அந்தப் பேச்சையே எடுக்காம நிம்மதியா இருந்தாரு. நீங்க எடுத்தது அந்த வசனத்தைத்தான். இப்ப என்ன சொல்றாரு தெரியுங்களா? ‘அந்தம்மிணி தண்ணி வெச்சுத்தான் இருப்பாங்க, நாந்தான் கைய எடுத்துட்டேன், அன்னைக்கும் அப்படித்தான் கையத் தூக்குனேன்’னு சொல்றாரு.”

அப்புறம் அவள் அழவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். வெட்கத்தில் என்னால் அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

வராந்தாவுக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். அன்றைக்கே வண்டி வந்துவிட்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அப்பா, அந்தப் பக்கத்துல தண்ணியே இல்லீங்க. நான் வைக்கவே இல்லை. நீங்க கைய எடுக்காம இருந்தாலும் வந்திருக்காதுங்க. தப்பு என் மேலதான்.”



“எனக்கோசரம் சொல்றீங்க அம்மிணி. நல்ல மனசுங்க உங்களுக்கு” என்றார். பிறகு போனைக் கட் பண்ண மறந்து, யாரிடமோ உரக்கச் சொன்னார்: “இன்னொரு ராடு போடுங்க.”

அந்தப் போரில் தண்ணீர் வரவில்லை. கௌரி இப்போது கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் இருக்கிறாள். அவள் கேட்ட வசனத்தை ஆயிரமாவது அடியில் சேர்த்து லிங்க் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை.

ஒன்றை நீக்குவதற்கு முன்னால், அது யாருக்காக அங்கே இருந்தது என்று அதைப் போடச் சொன்னவரிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் கௌரி அன்றைக்கே சொல்லியிருப்பாள். விரலை வைத்துக்கொண்டு ஒருவர் உங்களைக் கேட்டால், உள்ளே இருப்பதையும் இல்லாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அதை நம்பமாட்டார்கள், உங்களுக்கு நல்ல மனசு என்பார்கள்.