கின்லொக் துரையின் சாய்ந்த கல்

பொன்னையா முப்பத்தோரு வருடமாக ஒரு வெள்ளைக்காரனை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், அது மெய்யான வேலைதான்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் கின்லொக் தோட்டத்து மேல்பிரிவு வரும். அங்கே தோட்டச் சனம் குடியிருக்கும் பத்துக் காம்பரா லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் சரிவில், காட்டை வெட்டித் தோட்டம் போட்ட கின்லொக் துரையின் கல்லறை இருக்கிறது. தலைமாட்டில் ஆள் உயரக் கருங்கல். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை சனமெல்லாம் போய் அவருக்குச் சுருட்டும் சாராயமும் ஒரு றாத்தல் பாண் ரொட்டியும் படைக்கும்.

அதற்கு முதல் நாள் பொன்னையா கல்லை நெம்ப அலவாங்கோடு ஏறுவார். கல் ஒவ்வொரு வருடமும் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். தொரைக்குக் கோபம் என்பார்கள். போன முறை வைத்த சாராயம் மட்டமாக இருந்திருக்கும் என்று இவரும் நம்பினார். மகள் ஜீவராணி தோள் கொடுத்துக் கல்லைத் தாங்க, இவர் அடிமண்ணைக் கிளறி, பழைய சாக்கை நான்காய் மடித்துச் செருகி, அதன்மேல் மூன்று கல்லை ஆப்பாக இறுக்குவார். அந்தச் சாக்கு வித்தை அப்பனுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். நிமிர்ந்த கல்லைச் சனம் கும்பிடும்போது பொன்னையாவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக் கூனிப்போன மனுசனுக்கு வேறென்ன பெருமை இருந்தது, சொல்லுங்கள்.

இந்த ஐப்பசியில் மார்கரெட் கின்லொக் வந்தார். ஸ்கொட்லாந்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்த அம்மா. தங்கள் குடும்பப் பெயர் எங்கே பிறந்து எங்கெல்லாம் போனது என்று தேடி எழுதுகிறாராம். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகராஜா, அவர் சொன்னதைத் தமிழில் சொல்லக் கூட வந்தார். பொன்னையா இருவரையும் கல்லறைக்குக் கூட்டிப்போனார்.

"கின்லொக்னா அவங்க பழைய பாஷையில ஏரியோட தலைமாடாம். அந்த எடத்துப் பேரே குடும்பப் பேராயிருச்சு. பொறகு ஆடு வளக்கணும்னு நிலத்துக்காரன் இவங்கள வீட்ட விட்டு வெரட்டிட்டான். கடற்கரைக்குப் போயி, பட்டணத்துக்குப் போயி, அங்கயிருந்து ஒரு கிளை கனடாவுக்கு, ஒரு கிளை இங்க காப்பித் தோட்டம் போட" என்றார் சண்முகராஜா.

"ஆட்டுக்காக ஆள வெரட்டுனாங்களா? அட பாவமே!" பொன்னையாவுக்கு நிசமாகவே வருத்தமாக இருந்தது. "அப்படி வெரட்டுப்பட்டவரு வந்து, எங்க பூட்டன முசிறியிலயிருந்து காப்பிக்குன்னு நடத்திக் கூட்டியாந்தாரு. நல்ல கூத்துங்க!"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பழைய படத்தை நீட்டினார். நூற்றிருபது வருடத்துப் படம். துரையின் மகன் ஒரு கையைக் கல்லறைக் கல்லிலும் மறு கையைப் பக்கத்துப் பெரும்பாறையிலும் ஊன்றி நிற்கிறான்.

பொன்னையா படத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தார். பாறை மேலே புதருக்குப் பின்னால், பதினோரு எட்டு தள்ளி இருந்தது.

"கல்லறைய எடம் மாத்துனீங்களான்னு கேக்குறாங்க" என்றார் சண்முகராஜா.

"இல்லீங்க. நிமித்துவோம். மாத்தல" என்று சொல்லும்போதே அவர் மறுபடி பாறையைப் பார்த்தார். பாறை நடக்காது. அப்படியென்றால் நடந்தது மண். புதரை விலக்கி ஏறினார். பாறையடியில் மானாப்புல் மூடிய வெடிப்பு ஒன்று. கையை விட்டார், தோள்வரை போனது. வருடாவருடம் 'வருகிறேன், வருகிறேன்' என்று மலை சொல்லியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசிக் காம்பராவில் ஜீவராணி ஆறு மாதப் பிள்ளையோடு இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததும் நேரே தோட்ட ஆபீசுக்கு ஓடினார்.

ஆபீசில் சொன்னார். "பாக்குறோம்" என்றார்கள். லயத்தில் சொன்னார். "சும்மா வேலியில போற ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க" என்று கேலிதான் மிச்சம்.

அந்த வியாழக்கிழமை அவர் அலவாங்கைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தட்டோடு ஏறிய சனம், சாய்ந்த கல்லைக் கண்டு பதறியது.

"இனி நிமித்த மாட்டேன்" என்றார் பொன்னையா. "தொரைக்குக் கோவமில்ல. அவரு இந்த எடத்த விட்டுப் போறாரு. வெரட்டுப்பட்ட வம்சம், எப்பக் கெளம்பணும்னு அவருக்குத் தெரியும். வருசா வருசம் நாமதான் புடிச்சு வச்சோம்."

பாதி பொய்தான். ஆனால் தோள் ஆழ வெடிப்புக்கு அசையாத சனம் இதற்கு அசைந்தது. பொழுது சாய்வதற்குள் பத்துக் காம்பராவும் கீழே பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கிவிட்டன.

அதன்பிறகு பார்த்து வானம் வெளுத்தது. ஒன்பது நாள் ஒரு சொட்டு இல்லை. இத்தனை பேருக்கும் ஒரு குழாய், வெயிலிலும் ஈரம் கசியும் சிமெண்டுத் தரை, தீபாவளிக்கு ஒரு பலகாரம் சுட அடுப்பில்லை. ஜீவராணியின் பிள்ளைக்கு இருமல். பொன்னையாவின் காதுபடவே ஏசினார்கள்.

பத்தாம் நாள் காலை அவர் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால் மண்டபம் காலி. பாயும் சட்டியுமாய்ச் சனம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தொரை நிமிந்துட்டாருண்ணே! போகலியாம், இங்கதான் இருக்காராம்!" என்று கத்தினாள் பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி.

மூச்சு வாங்க ஏறினார். கல் நட்ட தூண்போல நின்றது. அடிமண் புதிது. விரலால் தோண்டினார். நான்காய் மடித்த சாக்கு.

கடைசிக் காம்பராவில் ஜீவராணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தோளில் பாசி அப்பியிருந்தது. தொட்டிலில் பிள்ளை.

"ஏம்மா?"

"புள்ள இருமியே செத்துரும்போல இருக்குப்பா. எத்தன நாளு ஈரத்துல கெடக்கிறது?" அவள் எட்டித் தொட்டிலை ஆட்டினாள். "நீங்க முப்பது வருசமா செஞ்சதத்தானே நானும் செஞ்சேன்."

அவர் பிள்ளையின் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். வாசலுக்கு வந்து, திரும்பக் கீழே இறங்கும்படி பக்கத்துக் காம்பராக்காரர்களைக் கெஞ்சினார். கையைப் பிடித்தார். ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் கூரைத் தகரத்தில் மழை இறங்கியது, சட்டென்று, வாளியால் ஊற்றுவதுபோல.

பகல் வரைக்கும் அது விடவில்லை. கல் விழுந்தால்தான் சனம் கிளம்பும் என்று பொன்னையாவுக்குத் தெரிந்தது. அலவாங்கை எடுத்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கல்லைத் தள்ளிவிடுவதற்காக ஏறினார். வழியெல்லாம் சேறு. இரண்டு தடவை விழுந்து எழுந்தார்.

கல்லுக்கு முன்னால் போய் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். காலையில் தூண்போல நின்ற கல், ஒரு வருடத்துச் சாய்வை அரைநாளில் சாய்ந்திருந்தது. அவர் பார்க்கப் பார்க்க இன்னும் ஒரு விரல் அளவு இறங்கியது. காலடியில் மண் மெல்ல அசைந்தது.

அலவாங்கை எறிந்துவிட்டு, "ஜீவராணி! புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடியா!" என்று தொண்டை கிழியக் கத்தியபடி லயத்தை நோக்கி ஓடினார். மழைச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.