ஒரு நெல்லளவு பூ

மாமா வளர்த்த ஓர்க்கிட் செடிகள் அத்தனையும் ஒரு சுளகுக்குள் அடங்கிவிடும். அவருக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மணிக்கூடு திருத்தும் கடை. பகலெல்லாம் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பல்சில்லுகளைப் பார்ப்பார். மாலையில் அதே லென்ஸோடு வந்து, கிணற்றடி மாமர நிழலில் தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டுகளில் கட்டித் தொங்கவிட்ட செடிகளைப் பார்ப்பார். பெரிய பூப் பூக்கும் ஓர்க்கிட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

"உந்தப் பூவைத் தூரத்திலை நிண்டே பாத்திடலாம். பிறகு கிட்டப் போய் என்னத்தைப் பாக்கிறது?" என்பார்.

அவருடைய அக்காவான என் அம்மா அவற்றைப் பூக்கண்டு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடு திண்டாலும், திண்டதெண்டு அதுக்கே தெரியாது" என்பார்.

மாமா எங்களோடுதான் இருந்தார். நான் பிறப்பதற்கு முன் மோட்டார் சைக்கிளால் விழுந்து தலையில் அடிபட்டவர். அதனால் மனிதர் கொஞ்சம் மறதிக்காரர் என்பது என் முடிவு. அடுப்பில் பால் அடிப்பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கூப்பிடுவார்கள். இவரோ குசினி வாசலிலேயே இருந்து செடிக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். இலையில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் மாரி மழையைப் பிளாஸ்டிக் கான்களில் பிடித்து வைத்து, அதைத்தான் செடிகளுக்குத் தெளிப்பார். அப்படியெல்லாம் பார்த்தும் ஒரு வருடம் வறண்ட சோளகக் காற்று தொடங்கியதும், கண்டியில் வாங்கிச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த செடி, ஓர் இலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. செடி பிழைத்தால் அதன் முதல் பூ உனக்கு என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்துவிட்டார். செடிக்காக இல்லை, தம்பிக்காக.

செடி பிழைத்தது. அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூத்தது. ஒரே ஒரு பூ, ஒரு நெல்லளவு.

அம்மா தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றார். "பிள்ளை, ஓடிப்போய் அந்தப் பூவை ஆய்ஞ்சு கொண்டு வா. பஸ்ஸுக்கு நேரமாகுது."

சாமிக்குப் பூ ஆய்வது எங்கள் வீட்டில் என் வேலை. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. மல்லிகைப் பந்தலுக்குக் கிட்டப் போனாலே மூச்சை அடக்கிப் பழகியவள் நான். வாழையிலைத் துண்டோடு போனேன். மாமா செடிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஆயிறதுக்கு முதல் ஒருக்கா மணந்து பார், பிள்ளை."

"ஐயோ மாமா, இது சாமிக்கு!"

"தெரியும். முருகன் கேட்டால் என்னட்டைக் கேக்கட்டும்."

பூவைக் காப்பாற்ற அவர் போட்ட திட்டம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒன்பது வயதில் எல்லாமே உடனே விளங்கும். சந்தோஷமாக மூக்கை நீட்டினேன்.

"என்ன மணம்?"

"இனிப்பு மணம்."

"என்னத்தின்ரை இனிப்பு?"

"பனங்கட்டி. பிறகு, கொஞ்சம் தோடம்பழத் தோல்."

"வேறை?" மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "வடிவா மணந்து சொல்லு. வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை, மாமா."

அதற்குள் அம்மாவே வந்துவிட்டார். "இன்னும் ஆயேல்லையோ?"

"மணந்தாச்சு அக்கா" என்றார் மாமா. "நான்தான் மணந்தனான்."

அம்மா தம்பியின் முகத்தையே பார்த்தார். நேர்த்தியில் ஒரு சொல் பிசகினாலும் நடுங்குகிறவர். இன்றைக்கு வீடு இரண்டுபடப் போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா, குறை நினையாதை" என்றார். வேலியோரம் நின்ற செவ்வரத்தையில் நாலு பூ ஆய்ந்துகொண்டு நடந்தார். படலையடியில் திரும்பி, "பிள்ளை, மூக்கைக் கழுவிப்போட்டுப் பள்ளிக்கூடம் போ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கில் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நெடுநாள் யோசித்தேன்.

நான் கலியாணம் முடித்த பிறகு, அம்மா என் வீட்டில் வந்து நின்ற ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டு அடுப்பில் பாலைத் தீயவிட்டேன். "உனக்கும் மாமாவின்ரை மூக்கோ?" என்றார் அம்மா. "அவனுக்கெண்டால் அந்த மோட்டார் சைக்கிளோடை மணம் தெரியாமல் போச்சுது. உனக்கென்ன வந்தது?"

நான் அடுப்பை நிறுத்தக்கூட மறந்து நின்றேன்.

அந்தப் பூ நாலு நாள் இருந்தது. மாமா காலையும் மாலையும் லென்ஸோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பனங்கட்டி, தோடம்பழத் தோல் தவிர, மூன்றாவதாகவும் ஒரு மணம் இருந்தது. அது என்னவென்று யோசித்துச் சொல்ல அலுப்பாக இருந்ததால்தான் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.