ஒரு கோப்பை சோறு

ஊரில் என் உடம்பை முதன்முதலாக நிறுத்துப் பார்த்தது மூட்டை நிறுக்கிற தராசில். அத்தானுடைய கடையின் பின்பக்கம். மாவும் சீனியும் கருவாடும் ஒன்றாகக் கலந்த வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புப் பலகையில் ஏறி நின்றேன். அத்தான் படிக்கல்லை ஒவ்வொன்றாகக் கொளுவினார். கொளுவக் கொளுவ அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒண்டே முக்கால் அந்தர், மச்சான். இன்னும் கொஞ்சம் கூடினா ரெண்டு சாக்கிலைதான் கட்டவேணும்."

அந்தர் அரிசி மூட்டைக்கு உள்ள கணக்கு. மனிதருக்கு இறாத்தல்; நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் ஓர் அந்தர். கப்பல் வேலைக்குக் கேட்டுப் போனபோது, கொழும்பில் கப்பல் கொம்பனியின் டாக்குத்தர் இறாத்தலில்தான் சொன்னார். அத்தான் அதைத் தன் கடைப் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். ஒன்றரை அந்தருக்குள் வரவேண்டும். பொங்கல் கழிய மறுபடி வா, இதே உடம்போடு வந்தால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பியிருந்தார். அது ஆவணி மாதம்.

எங்களூரில் தெரு முடிகிற இடத்தில் கடல் தொடங்கும். என்னைப் பெற்ற ஐயாவின் காலத்தில் பாய்க்கப்பலில் போனார்கள். என் காலத்தில் இரும்புக் கப்பல்; அறுபதுகளின் நடுப்பகுதி அது. என்னோடு படித்த பொடியன்கள் ஒவ்வொருவராகப் போய்ப் படம் அனுப்பினார்கள்: பின்னால் ஏதோ ஒரு துறைமுகம், முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு அவன். நான் கடையில் இருந்து கொத்துப்பேணியால் அரிசி அளந்துகொண்டிருந்தேன். கடல், கடல் என்று உள்ளுக்குள் ஏதோ அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே அதற்கு மேல் ஒரு தொந்தி, கவிழ்த்துப் போட்ட சட்டி போல.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. கலியாணம் கட்டியபோதும் என்னைத் தன்னோடு கொண்டுவந்துவிட்டாள், சீதனத்தில் ஒரு உருப்படி போல. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அகப்பை அவள் கையில் இருக்கிற வரைக்கும் என் கோப்பையின் அடி தெரிந்ததில்லை.

மதராசிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகையில், பெண்கள் பக்கத்தில், 'உடல் மெலிய' என்று ஓர் அட்டவணை வந்திருந்தது. அக்காதான் கண்டுபிடித்தாள். வெட்டி, கஞ்சிப்பசை தடவி, அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். காலை, மதியம், இரவு. எதிரே ஒவ்வொன்றுக்கும் எத்தனை கலோரி. அடியில் ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை, அதற்கு மேல் கூடாது.

"கலோரி எண்டா என்னடா தம்பி? கொழுப்போ?"

"இல்லை அக்கா. சூடு. சாப்பாட்டுக்குள்ளை இருக்கிற சூடு."

"அப்ப ஆறவிட்டுச் சாப்பிடன்!"

அத்தான் அட்டவணையை எட்ட நின்று பார்த்தார். "இரவைக்குச் சப்பாத்தி ரெண்டு எண்டு கிடக்கு. சப்பாத்தெண்டா காலிலை போடுற என்ரை பழைய சோடி ஒண்டு கட்டிலுக்குக் கீழை கிடக்கு, அவிச்சுக் குடு."

"நீங்கள் பகிடியை விட்டிட்டுக் கடைக்குப் போங்கோ," என்றாள் அக்கா. அவளுக்கு அந்தக் கடுதாசியில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. இட்டலி எங்கள் வீட்டில் அவிப்பதில்லை. இரண்டு இட்டலிக்கு நாலு இடியப்பம் சரி என்று அவளே தீர்த்தாள். மதியத்துக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. மதியம்: சோறு, ஒரு கோப்பை.

"பாத்தியே, நல்ல மனிசர். சோத்தை நிப்பாட்டச் சொல்லுவினமோ எண்டு நான் பயந்துபோனன். ஒரு கோப்பை தருகினம்."

ஒரு கோப்பை என்று எழுதியிருந்தது. ஒரு கோப்பை தந்தாள். விளிம்பில் நீலக் கோடு போட்ட பெரிய எனாமல் கோப்பை, நான் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவது. குத்தரிசிச் சோறு குவிந்து நிற்கும். குறைத்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்று அகப்பையால் அமுக்கி அடித்தட்டி வேறு போடுவாள். நானும் நாணயமாகச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை. மெலிவதற்காகச் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே ஒரு தனி உருசி.

புரட்டாதி நடுவில் மறுபடி தராசில் ஏறினேன். அத்தான் படிக்கல்லைக் கொளுவிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், தராசை ஒரு தட்டுத் தட்டினார். நான் நிறை கூடியிருந்தேன்.

அவர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். அடுப்படிச் சுவரில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய் நின்று அட்டவணையை வாசித்தார். பிறகு நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வரவில்லை.

"எடியே, இது இந்தியாக் கடுதாசி! அங்கை கோப்பை எண்டா தேத்தண்ணி குடிக்கிறது. நாங்கள் கோப்பை எண்டுறதை அவங்கள் தட்டு எண்டுவாங்கள். வேதாரணியத்திலை நான் கடைக்காரனிட்டைச் சோத்துக்குக் கோப்பை கேட்டு, அவன் என்னைப் பாத்த பார்வை எனக்கெல்லோ தெரியும்!"

அக்கா சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகள் வந்தால் மட்டும் வெளியே வருகிற பீங்கான் கப் ஒன்றை எடுத்தாள். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குள்ளையோ?" என்றாள். "இது கோழிக்குப் போடவும் காணாதே."

காணாது. எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும். காணாது என்றால் போதாது. பந்தியில் பரிமாறுகிறவர் வரும்போது கையைக் குறுக்கே வைத்து "காணும், காணும்" என்போம். அதை யாரும் நம்புவதில்லை. முதல் காணும் மரியாதைக்கு. அதற்கு மேல் ஓர் அகப்பை விழும். இரண்டாவது காணும் கொஞ்சம் பலமாக. அதற்கு மேலும் அரை அகப்பை. மூன்றாவதைச் சொல்லும்போது உண்மையிலேயே மூச்சுமுட்டும், அப்போதுதான் விடுவார்கள். அந்தச் சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! ஒரு தடவையாவது வயிற்றைக் கேட்டுச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

பீங்கான் கப்பின் காலம் தொடங்கியது. அக்கா சோற்றை அதில் நிரப்பிக் கத்தியால் மட்டம் தட்டுவாள். மெலிந்தேன், அது உண்மை. ஆனால் நான் என்ன ஆனேன்! காலையில் எழும்பும்போதே தலைக்குள் ஓர் எண் எழும்பும். விடியப்புறம் எனக்குப் பசிப்பதில்லை; எழுதியிருக்கிறது என்று இடியப்பத்தை விழுங்குவேன். பின்னேரம் நாலு மணிக்கு, பேக்கரியில் பாண் இறக்குகிற நேரம், உண்மையான பசி வரும். காதுக்குள் கேட்கும் அது. அந்த நேரத்துக்கு எதிரே கடுதாசியில் ஒன்றும் இல்லை. மூட்டையில் சாய்ந்துகொண்டு பல்லைக் கடிப்பேன். இரவில் பசி செத்துப்போயிருக்கும். ஆனால் மொத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று, விட்டால் நட்டம் என்பதுபோல, அதையும் சாப்பிடுவேன். பசித்தபோது உண்ணவில்லை, உண்டபோது பசிக்கவில்லை. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தேன். ஒரு மனிசி அரிசி கொஞ்சம் கூடப் போடச் சொன்னதற்கு, "எழுதினதுக்கு மேலை இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. அக்கா ஆறு நாளும் விரதம் இருந்தாள். ஏழாம் நாள் விடிய, விரதம் முடிக்கிற பாறணைக்கு வீடு முழுவதும் நெய்யும் பொரித்த வாழைக்காயும் மணக்க, கத்தரிக்காயும் பயற்றங்காயும் பாயசமும் வடையுமாக வாழையிலை விரிந்தது. விரதம் பிடித்தது அக்கா. பாறணை பண்ணியது நான். அன்று கணக்கு உடைந்தது. உடைந்தது உடைந்ததுதானே என்று அந்தக் கிழமை முழுக்கச் சாப்பிட்டேன். தராசைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மழை. எங்கள் கார்த்திகை மழையை என்னவென்று சொல்வது! கடலும் வானமும் ஒரே சாம்பல். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பனைகள் முழுக்க நனைந்து கறுத்து நிற்கும். இப்போது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மணிக்கூடு பார்த்துச் சாப்பிடுகிற இந்த வயதில், அந்த மழை நாட்களின் பசியை நான் தேடுகிறேன். அப்போது சாப்பிட்டவை பாதி மறந்துவிட்டன. பசித்தது மட்டும் நினைவிருக்கிறது: தோள்மூட்டில் தொடங்கி உள்ளே இறங்குகிற குளிர், அது வயிற்றுக்கு வந்ததும் சூடாக மாறுகிற விதம்.

அப்படி ஒரு பின்னேரம் அக்கா கூழ் காய்ச்சினாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, றால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, உறைப்பு. நான் சுவருக்குப் போய் அட்டவணையில் மேலிருந்து கீழே தேடினேன். சப்பாத்தி இருந்தது. உப்புமா இருந்தது. கூழ் இல்லை.

"மதராஸ்காரனுக்குக் கூழ் தெரியாது," என்றார் அத்தான். "கணக்கிலை இல்லாத சாமான். குடி மச்சான், கஸ்டம்ஸ் பிடிக்காது."

கூழைக் கோப்பையில் குடிப்பதில்லை. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில். பிளாவைக் கீழே வைக்க முடியாது, கவிழ்ந்துவிடும்; குடித்து முடிகிறவரை கையில்தான். கொதிக்கிற கூழ், ஊதி ஊதித்தான் குடிக்கலாம். கண்ணும் மூக்கும் ஒழுகும். அவசரப்படவே முடியாது. முடிந்ததும் பானைக்கு நேரே கையை நீட்டவேண்டும், நீட்டினால்தான் ஊற்றலாம்.

ஒரு பிளா குடித்தேன். நீட்டினேன். இரண்டாவதும் குடித்தேன். அக்கா சிரட்டை அகப்பையில் மொண்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கையைப் பார்த்தேன். அது நீளவில்லை. நான் பிடித்து வைக்கவில்லை. அதற்கே போக மனமில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகக் குந்தி இருந்துவிட்டது, நடந்து வந்தவன் நிழலில் இருப்பதுபோல.

"நீட்டன்ரா."

"காணும் அக்கா."

"பொய்."

"மெய்யா. காணும்."

அவள் என்னைப் பார்த்தாள். அகப்பை பானைக்குத் திரும்பிப் போனது. பிளாவுக்குள் பலவந்தமாக ஊற்ற முடியாதே.

அடுத்த நாள் மதியம் நீலக்கோட்டுக் கோப்பையை நானே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்றபடி சாப்பிட்டேன். அக்காவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "நிண்டு தின்ன நீ என்ன குதிரையே? பாக்கிறவை என்ன சொல்லுவினம்?" நான் நின்றேன். கோப்பையும் பிளா போலத்தான்: கையில் இருந்தால் நான் நீட்டாமல் அகப்பை விழாது. பீங்கான் கப் அலுமாரிக்குப் போனது. பசித்தால் போட்டுக்கொண்டேன், நாலு மணிக்குப் பசித்தால் நாலு மணிக்கு. ஒவ்வொரு கவளமாக, ஊதாத சோற்றையும் ஊதுகிற நிதானத்தில். நிழல் தேடி வந்த அந்த ஆள் உள்ளே எப்போது குந்துவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் பிழைவிட்டேன். பாணின் வாசனையைப் பசி என்று நம்பி அரை இறாத்தல் பாண் தின்ற நாளும் உண்டு. சில நாள் கோப்பையில் பாதிக்கு மேல் வேண்டியே இருக்கவில்லை. விடியப்புறத்து இடியப்பத்தைக் காகம் தின்றது.

மார்கழியில் என் காற்சட்டைக்குக் கயிறு கட்டவேண்டி வந்தது. ஒரு நாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன்; அடுப்படியில் அவர்கள் கதைப்பது கேட்டது.

"உவன் மெலிஞ்சிட்டான்," என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

"மெலிஞ்சா போயிடுவான்."

வாளி என் கையில் அப்படியே நின்றது. அடித்தட்டிப் போட்ட அந்தக் கோப்பைச் சோறு, மூன்றாவது காணும் வரைக்கும் நிற்காத அகப்பை எல்லாம் எதற்கென்று எனக்கு விளங்கியது. அக்காவைப் போய்க் கட்டிப்பிடிக்க எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இன்னும் இரண்டு வாளி வார்த்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து, மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனேன். டாக்குத்தரின் தராசு வெள்ளை நிறம். சிறிய குமிழ் ஒன்று கம்பியில் ஓடும். அவர் தள்ளினார், கொஞ்சம் பின்னால் இழுத்தார். ஒன்றரை அந்தருக்கு இரண்டு இறாத்தல் கூட. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"எப்படிக் குறைச்சீர்? பட்டினி கிடந்தீரோ?"

"இல்லை ஐயா. பசிக்கச் சாப்பிட்டனான்."

பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். "சரி, உடுப்பும் சப்பாத்தும் ரெண்டு இறாத்தல் வரும்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்பகல். அத்தான் கடையில். அக்கா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, துருவுவதை நிறுத்தவில்லை.

"எழுதித் தந்திட்டாரோ?"

"ஓம் அக்கா."

"எப்ப வெளிக்கிடவேணும்?"

"கூப்பிடுவினமாம். மாசிக்குள்ளை."

தேங்காய்ப் பாதி முடிந்தது. அவள் மற்றப் பாதியை எடுத்தாள், அதையும் துருவி முடித்தாள். கையை உதறிவிட்டு எழும்பி, கோப்பையை எடுத்துக் கழுவினாள். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். அகப்பையைப் போடாமல் என் பக்கம் திரும்பி நின்றாள்.

"பசிக்குதோ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிய, அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. நான் வயிற்றைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்; அவளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

"ஓம் அக்கா," என்றேன். "நல்லாப் பசிக்குது."