இடுப்புக்கு இதமாக ஒரு டீசல் வேகன்

மாசாயிலிருந்து செனாய்த் தொழிற்சாலைக்கு நான் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு மழைக்காலக் காலையில் கன்டெய்னர் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனதில் சாலையோரம் விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, வலி போகவில்லை. அதைவிட மோசம், லாரிச் சத்தம் கேட்டாலே கை வியர்த்தது.

மோட்டாரை விற்றுவிட்டு என் வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் வேகனை வாங்கி வந்தார். பின்சீட்டில் நான் காலை நீட்டிக்கொள்ளலாம், அதற்கும் பின்னால், அப்போது எனக்குத் தேவைப்பட்ட சக்கர நாற்காலி ஏறும். சிகிச்சைக்குக் கெலாங் பாத்தா வரை போய்வர வசதி.

“இத எஸ்டேட் கார்னும் சொல்வாங்க,” என்றார்.

“எஸ்டேட்டா? ரப்பர் தோட்டத்துல பால் ஏத்துன வண்டியா?” என்றேன். விபத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் கேலி அதுதான் என்று இன்றும் சொல்வார்.

எண்ணெய்ச் செலவு குறைந்த வண்டி. ஒருமுறை நிரப்பினால் நாள்கணக்கில் தாங்கும். ஓட்டம்தான் சரியில்லை. வளைவில் முன்பக்கம் திரும்பி முடித்த பிறகே பின்பக்கம் யோசித்துத் திரும்பும். பள்ளத்தில் இறங்கினால் ஒரு குலுக்கலோடு விடாது, ஆடி ஆடித்தான் அடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் என் இடுப்பில் வந்து முடியும். மேட்டில் அழுத்தினால் கரும்புகை வரும், வேகம் வராது.

கார் பழுது பார்ப்பவரை இங்கே பொமென் என்போம். எங்கள் பொமெனுக்கு ஏறக்குறைய எங்கள் வயது. வாய் ஓயாத மனிதர்.

“பவர் ஏத்திவிடுங்க. வண்டி பறக்கணும் லா,” என்றார் வீட்டுக்காரர்.

“பறக்குறது அப்புறம். மொதல்ல தரையில ஒழுங்கா நிக்கட்டும். இந்த ஆட்டம் நிக்கணும் அண்ணே,” என்றேன்.

பொமென் என் பக்கம் சேர்ந்துகொண்டார். வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது குலுக்கலைத் தாங்கும் பின் அப்சோபர்கள் எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தன. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தன. டயர்களோ அந்த எடைக்குத் தகாத மலிவுச் சரக்கு.

“கட்டியான ஸ்பிரிங் போட்டா வளைவுல நல்லா பிடிக்கும். ஆனா பள்ளம் நேரா இடுப்புக்கு வரும். என்னா அக்கா சொல்றீங்க?”

“ஸ்பிரிங் பழசே இருக்கட்டும்.”

எல்லாம் மாற்றிய பிறகு, வீட்டுக்காரர் ஓட்ட, பொமென் முன்னால் உட்கார, நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து அடுக்குமாடி முன்னாலிருந்த வேகத்தடைகள் மேல் ஏறி இறங்கினோம்.

“எடது பக்கம், பின்னால. டொக்குனு ஒரு அடி விழுது,” என்றேன்.

அவர்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால், அங்கே ஒரு மூட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. என் வலியால் முதல்முறையாக ஒரு பயன்.

வண்டி நிதானத்துக்கு வந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. “நான் ஓட்டிப் பாக்கவா?” வீட்டுக்காரர் சாவியை நீட்டினார்.

எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் நன்றாகத்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஏறும்போது கண்ணாடியில் ஒரு கன்டெய்னர் லாரி தெரிந்தது. அழுத்தினேன். வண்டி தயங்கியது. லாரி ஹாரனை அலறவிட்டபடி எங்களைத் தாண்டிப் போனது. ஓரமாக நிறுத்தினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

“எறங்கு, நான் ஓட்டுறேன்,” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாங்க. நானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுறேன். இப்ப பவர் எனக்குத்தான் வேணும்.”

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயில் வெடிப்பு. காற்று நுழையும் வழியெல்லாம் கரி. “இவ்ளோ நாளா வண்டி மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருக்கு அக்கா,” என்றார் பொமென். குழாயை மாற்றிக் கரியைச் சுரண்டி எடுத்தார். கம்ப்யூட்டரில் இன்னும் பவரைக் கூட்டலாமே என்றார் வீட்டுக்காரர். “இருக்குற பவர் மொதல்ல வெளிய வரட்டும்,” என்று பொமென் அவரை அடக்கிவிட்டார்.

மறுபடியும் அதே ஏற்றம். சொல்லி வைத்தாற்போல் பின்னால் ஒரு லாரி. அழுத்தினேன். புகையில்லை, தயக்கமில்லை. சீட் முதுகைத் தள்ளியது, ஸ்டீயரிங் அசையவில்லை. தடத்தில் ஏறிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். லாரி சின்னதாகிக்கொண்டே போனது. நான் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன்.

“போதும் போதும், மெதுவா போ,” என்றார் பவர் கேட்டவர், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு.

இப்போது வேலைக்கு நானே ஓட்டிப் போகிறேன். மழை நாளில் இடுப்பு இன்னும் நோகிறது. லாரி பக்கத்தில் வந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் போன விடுமுறையில் இரண்டு மணி நேர ஓட்டமுள்ள மெர்சிங் கடற்கரை வரை நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினோம், அதுவும் அவருக்குப் பசித்ததால்.