இடது கன்னத்துக்கு லீவு

மில்லில் பீடி பிடிக்க முடியாது. பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் கூரையோடு போய்விடும். அதனால் தறி ஓட்டிய நாங்கள் எல்லோரும் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வோம். மேஸ்திரி திட்டினால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

எழுபதுகளின் கடைசியில் தறி பெல்ட் என் கையைக் கிழித்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்த ரத்தமோ, அவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு இரண்டே மாதத்தில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து ஊற்றி ஊற்றி என் மனைவி என்னை ஆடாகவே ஆக்கிவிட்டாள். கண்ணில் மஞ்சள் போனதும் காமாலையும் போய்விட்டதாக நினைத்தோம்.

சில வருஷம் கழித்து இடது கன்னத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. மிளகாய் பட்டால் உயிர் போகும். நானும் மனைவியும் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார், துளி சதை வெட்டினார், ரத்தமும் எடுத்தார். அடுத்த வாரம் சொன்னார்:

“இது இன்னும் புத்துநோய் ஆகல. ஆகலாம். உங்க ஈரல் இன்னும் சரியாகல, பழைய காமாலை உள்ளயே இருக்கு போல. அப்படிப்பட்டவங்க சில பேருக்கு வாயில இப்படி வருது. புகையிலைய விட்டுடுங்க.”

அந்தக் காமாலைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்றார் டாக்டரம்மா. சி என்று பெயர் வைத்ததெல்லாம் பிறகு. பெற்றவர்களே பெயர் வைக்காத நோய்க்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று வெளியில் பேசினேன். உள்ளுக்குள் பயம்தான்.

ஆனால் மில்காரன் புத்தி எங்கே போகும்? ஒரு தறி பழுதானால் பக்கத்துத் தறியை ஓட்டுவோம், மில்லை மூடமாட்டோம். இடது கன்னத்துக்கு லீவு கொடுத்து, புகையிலையை வலது பக்கம் மாற்றினேன். அதுவும் மில்லில் மட்டும். வீட்டில் நான் விட்டுவிட்டவன்.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்தைப் பார்த்துக் கேட்பார். “இங்க வைக்கறதே இல்லம்மா” என்பேன். பொய்யில்லை.

நாலாவது தடவை டார்ச்சை வலது பக்கம் திருப்பினார். அங்கேயும் வெள்ளை.

“இந்தப் பக்கம்?”

“அது வேலைக்குப் போற கன்னம், அம்மா.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை.

“ரெண்டு கன்னத்துக்கும் சேத்து என் கழுத்துல ஒரு தாலிதான்யா கெடக்குது” என்றாள்.

வலது பக்கமும் சதை வெட்டினார்கள். வெளியே வந்ததும் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அதைக் கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்திருந்தாள்.